காலையில் சாய்ந்து கிடக்கும் மோட்டார்ஹோம், இறங்கிப்போன பேட்டரி: எதை முதலில் பார்ப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் பழையதாக வாங்கிய 2005 மாடல், 40 அடி டீசல் புஷர், அதாவது எஞ்சின் பின்னால் இருக்கிற, லாரிபோல ஏர் பிரேக்கும் ஏர் சஸ்பென்ஷனும் உள்ள, உள்ளேயே வாழும் வசதியுள்ள பெரிய மோட்டார்ஹோம். ராத்திரி சமமாக நிறுத்திவிட்டுப் படுத்தால் காலையில் இடது பின் மூலை மூன்று விரல் அளவு இறங்கியிருக்கிறது. வண்டிக்குள் விளக்கு, ஹீட்டர் முதலியவற்றுக்கான (வீட்டுப் பக்கத்து) பேட்டரி நான்கும் சேர்ந்து காலையில் 11.8 வோல்ட்தான் காட்டுகின்றன. அவ்வப்போது சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் சுழல (கிராங்க் ஆக) மறுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஏர் பேக் (வண்டியைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை) ஆறையும், எஞ்சினுக்கான இரண்டையும் சேர்த்து பேட்டரி ஆறையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள், மாற்றட்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இப்போதைக்கு ஒரு டாலரும் செலவழிக்காதீர்கள். நீங்கள் இரண்டு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது ஒன்றே முக்கால் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "ராத்திரி படுக்கைக்கு அடியில் ஏதோ மோட்டார் அடிக்கடி ஓடி நிற்கிறது" என்று. அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது.

சில வண்டிகளில் ஜாக்கிக்குப் பதிலாக ஏர் பேக்கையே ஏற்றி இறக்கி வண்டியைச் சமப்படுத்தும் ஏற்பாடு இருக்கும். எஞ்சின் ஓடாதபோதும் அது வேலை செய்யவேண்டுமே, அதற்காக 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன கம்ப்ரஸரும் கூடவே வைத்திருப்பார்கள். எங்கோ காற்று கசிகிறது, ஒரு மூலை இறங்குகிறது, சென்சார் அதைக் கண்டுபிடிக்கிறது, கம்ப்ரஸர் ஓடிக் காற்றை ஏற்றுகிறது, மறுபடி கசிகிறது, மறுபடி ஓடுகிறது. ராத்திரி முழுக்க இதே கதை. விடியற்காலையில் வோல்ட்டேஜ் கீழே போனதும் கம்ப்ரஸரால் முடியாமல் போகிறது, மூலை இறங்கிவிடுகிறது. காலையில் எழுந்து பார்ப்பவருக்கு இறங்கிய மூலையும் இறங்கிய பேட்டரியும் தனித்தனி வியாதியாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த கம்ப்ரஸர் ஓடும்போது 20 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடினால் மணிக்கு பத்து நிமிடம், பத்து மணி நேர ராத்திரிக்கு 33 ஆம்ப்-அவர் (ஆம்ப்பை மணியால் பெருக்கிய அளவு). ஹீட்டர் ஃபேன் ஓடும்போது 8 ஆம்ப், ராத்திரியில் பாதி நேரம் ஓடினால் 40. இன்வெர்ட்டரை ஆன் செய்து சும்மா விட்டாலே 2 ஆம்ப், அது 20. கேஸ் டிடெக்டர், ரேடியோ மெமரி, ஃப்ரிட்ஜ் போர்டு என்று உதிரிகள் சேர்ந்து இன்னொரு 10. ஆக 103. உங்களிடம் இருப்பது 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி நான்கு. இரண்டிரண்டாகச் சீரியஸில் கோத்தால் மொத்தம் சுமார் 440 ஆம்ப்-அவர், லெட்-ஆசிட் என்பதால் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது, எனவே 220. நான்கும் நல்ல நிலையில் இருந்தால் 103 போனாலும் தாங்கும். ஒரே ஒரு பேட்டரி கெட்டிருந்தால் அந்த ஜோடியே பயனில்லை, 110-தான் மிச்சம், அதுவும் புதிதாக இருந்தால். அதனால்தான் ஒன்றே முக்கால் என்றேன்: கசிவு ஒன்று நிச்சயம், ஒரு பேட்டரியும் நோஞ்சானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி வேலையைத் தொடங்குமுன் ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றின்மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்கவே கூடாது. ஒரு டியூப் கழன்றாலோ யாராவது உள்ளே லெவல் பட்டனை அழுத்தினாலோ 14 டன் வண்டி ஒரு மூச்சில் இறங்கும், உங்கள் மார்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி காணாமல் போய்விடும். இப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். கெட்டியான தரை, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸ் இரும்புக்கு நேர் கீழே அந்த எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்ட், சாவி உங்கள் பாக்கெட்டில். வண்டியின் சொந்த ஜாக்கியோ ஏர் பேக்கோ ஸ்டாண்ட் ஆகாது. ஸ்டாண்ட் இல்லையா, அடியில் போகாதீர்கள், ஆளை வைத்துப் பாருங்கள்.

முதல் சோதனைக்கு அடியில் போகவே வேண்டாம். ஒரு டேப், ஒரு மல்டிமீட்டர், ஒரு நோட்டு போதும். கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள், மண்ணில் சக்கரமே புதையும், அளவு பொய் சொல்லும். இரவு பத்து மணிக்கு நான்கு மூலையிலும் சக்கர வளைவின் உச்சியிலிருந்து தரை வரை அளந்து எழுதுங்கள். டேஷ்போர்டில் இருக்கிற இரண்டு ஏர் கேஜையும் எழுதுங்கள். வீட்டுப் பக்கம், எஞ்சின் பக்கம் என்று இரண்டு பேட்டரி கூட்டத்தின் வோல்ட்டேஜையும் எழுதுங்கள். ஆட்டோ லெவலை, அதாவது வண்டியைத் தானாகச் சமப்படுத்தும் அந்த ஏற்பாட்டை, அணைத்துவிட்டுப் படுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி எல்லாம் எழுதுங்கள். மறுநாள் அதையே ஆட்டோ லெவலை ஆன் செய்து வைத்துச் செய்யுங்கள். முதல் இரவில் மூலை நன்றாக இறங்கி பேட்டரி பரவாயில்லாமல் இருந்து, இரண்டாம் இரவில் மூலை ஓரளவு நின்று பேட்டரி இறங்கினால், மேலே சொன்ன கதைதான். இரண்டு இரவும் பேட்டரி ஒரே மாதிரி இறங்கினால் நான் நினைத்தது தப்பு, கரண்ட் வேறு எங்கோ போகிறது.

அந்த கேஜ் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். டேஷ்போர்டு முள் காட்டுவது பிரேக்குக்கான காற்றைச் சேமிக்கும் டேங்க்கின் அழுத்தத்தை, ஏர் பேக்கின் அழுத்தத்தை அல்ல. சஸ்பென்ஷனுக்குப் போகும் வழியில் ஒரு காப்பு வால்வு இருக்கும், பிரேக்குக்கு வேண்டிய காற்றை சஸ்பென்ஷன் குடித்துவிடக்கூடாது என்பதற்காக அழுத்தம் குறைந்ததும் அது மூடிக்கொள்ளும். ஆகவே கேஜ் அப்படியே நின்று மூலை இறங்கலாம், மூலை நின்று கேஜ் இறங்கலாம். முதலாவது என்றால் ஏர் பேக், அதன் டியூப், ஹைட் வால்வு (வண்டியின் உயரத்தைச் சரியாக வைப்பது), லெவலிங் வால்வு பிளாக் (சமப்படுத்தும் வால்வுகள் சேர்ந்த கட்டை) இவற்றில் தேடவேண்டும். இரண்டாவது என்றால் டேங்க், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர், பிரேக் பக்கம். இரண்டும் இறங்கினால் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டியதுதான், இந்த வயது வண்டியில் அது அதிசயமும் இல்லை.

இன்னொன்று, குளிர். மாலையில் 30 டிகிரி செல்சியஸில் 120 பிஎஸ்ஐ காட்டிய டேங்க், விடியற்காலை 5 டிகிரிக்குப் போனால், ஒரு சொட்டுக் காற்றுகூட வெளியேறாமலே சுமார் 109 காட்டும். காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். 11 பிஎஸ்ஐ குறைந்துவிட்டதே என்று வண்டிக்கு அடியில் ஒரு வாரம் தேடியவரை எனக்குத் தெரியும். ஆனால் மூன்று விரல் இறக்கத்தைக் குளிரால் விளக்க முடியாது, உங்களுடையது கசிவேதான்.

இப்போது இடது பின் மூலை. டீசல் புஷர்களில் பெரும்பாலும் மூன்று ஹைட் வால்வு இருக்கும்: முன்னால் ஒன்று, பின்னால் இடமும் வலமும் ஒவ்வொன்று. (சிலவற்றில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.) ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கை, அதிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பி. வண்டி தாழ்ந்தால் கை மேலே போய் ஏர் பேக்குக்குள் காற்றை விடும், உயர்ந்தால் கீழே வந்து வெளியே விடும். உங்களுக்கு இடது பின்பக்கம் மட்டும் இறங்குவதால் அந்தப் பக்கத்து இரண்டு ஏர் பேக், ஒரு ஹைட் வால்வு, அவற்றை இணைக்கும் டியூப்கள், லெவலிங் பிளாக்கில் அந்த மூலைக்கான பகுதி, இவ்வளவுதான் சந்தேகப் பட்டியல். மற்ற நான்கு ஏர் பேக்கை எதற்கு மாற்றச் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

காற்று டேங்க்கை முழுதாக நிரப்பி, எஞ்சினை அணைத்து, ரேடியோ ஏசி எல்லாம் நிறுத்தி, முதலில் காதால் கேளுங்கள். அப்புறம் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், பித்தளை ஃபிட்டிங்கில் அது மயிரிழை விரிசலை உண்டாக்கும். தெளித்துவிட்டு அவசரப்படாமல் பாருங்கள். பெரிய கசிவு உடனே கொப்பளிக்கும். ராத்திரியில் மூன்று விரல் இறக்கும் கசிவு அப்படி இருக்காது. எல்போ ஃபிட்டிங்கின் விளிம்பில் கடுகு அளவு வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றும், நீங்கள் டார்ச்சைத் திருப்பிவிட்டு ஒரு நிமிடம் கழித்து வந்து பார்த்தால் அது கொத்தமல்லி விதை அளவுக்கு நுரைக்குவியலாகி இருக்கும், ஒவ்வொரு குமிழியும் ஊசிமுனை அளவு. அதுதான் ஆள். நான் ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் இரண்டு நிமிடம் கொடுப்பேன்.

தேடும் வரிசையும் முக்கியம், இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் என் முதல் வண்டிக்கும் இதே நோய். ஏர் பேக்கில் சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்ததும் அதுதான் என்று முடிவு கட்டி, பின்பக்கம் நான்கையும் மாற்றிவிட்டேன். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் காலையில் அதே மூலை, அதே இறக்கம். கடைசியில் பார்த்தால் ஹைட் வால்வின் எக்ஸாஸ்ட் துளையில் சோப்புத் தண்ணீர் மெதுவாக ஊதிக்கொண்டிருந்தது, உள்ளே ரப்பர் சீட் தேய்ந்திருந்தது. அரை மணி நேர வேலை. அன்றிலிருந்து ஃபிட்டிங் முதலில், ஹைட் வால்வு இரண்டாவது, லெவலிங் பிளாக் மூன்றாவது, ஏர் பேக் கடைசி என்பதுதான் என் வரிசை. பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் மூன்றிலேயே பதில் கிடைத்திருக்கிறது.

ஃபிட்டிங்கில் கசிந்தால் பெரும்பாலும் டியூப் முனைதான் காரணம். நைலான் டியூபை அழுத்திச் சொருகும் வகை அது, உள்ளே ஒரு ஓ-ரிங் டியூபின் வெளிச்சுவரைப் பிடித்து அடைக்கிறது. யாரோ கட்டிங் பிளேயரால் வெட்டியிருப்பார்கள், முனை நசுங்கி முட்டை வடிவமாகியிருக்கும், இல்லையென்றால் கோணலாக இருக்கும், வெளிச்சுவரில் நீளவாக்கில் கீறல் விழுந்திருக்கும். காற்றை முழுதாக இறக்கிவிட்டு, டியூபைக் கழற்றி, டியூப் கட்டரால் கால் அங்குலம் நேராக வெட்டி, சொருகவேண்டிய ஆழத்தை பேனாவால் குறித்துக்கொண்டு, அந்தக் கோடு மறையும் வரை அழுத்திச் சொருகுங்கள். பாதிக் கசிவு இதிலேயே நிற்கும். மாற்றவேண்டி வந்தால் ஏர் பிரேக்குக்கான டியூப்பையும் ஃபிட்டிங்கையும் மட்டுமே வாங்குங்கள், ஐஸ் மெஷினுக்கு விற்கும் டியூப் பார்க்க அப்படியே இருக்கும், வேண்டாம்.

ஹைட் வால்வா ஏர் பேக்கா என்று நுரை தெளிவாகச் சொல்லவில்லை என்றால், காற்றை இறக்கிவிட்டு, வால்விலிருந்து ஏர் பேக்குக்குப் போகும் டியூபின் இடையில் ஒரு ஷட்-ஆஃப் வால்வு போட்டு, மறுபடி காற்று ஏற்றி, அதை மூடி ஒரு இரவு விடுங்கள். மூலை நின்றால் ஏர் பேக் குற்றமற்றது. இறங்கினால் ஏர் பேக்கும் அதன் ஃபிட்டிங்கும் மட்டும்தான் மிச்சம். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், அதோடு சாலைக்குப் போகக்கூடாது.

ஏர் பேக்கைப் பார்க்கும்போது நடுவில் பார்த்துப் பயனில்லை. கீழே பிஸ்டன்மேல் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில் பாருங்கள், வண்டியை முழுதாக உயர்த்தினால்தான் அந்த மடிப்பு வெளியே தெரியும். மேற்தோல் வெடிப்பு வயதால் வருவது, அதை மட்டும் வைத்துத் தூக்கிப்போட வேண்டாம். உள்ளே நூல் தெரிந்தாலோ ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ உரசிய தடம் ஆழமாக இருந்தாலோ அன்றைக்கே மாற்றவேண்டும், அப்போது அதே ஆக்ஸிலின் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டேங்க் பக்கத்தைப் பற்றி சுருக்கமாக. வெட் டேங்க்கின் (காற்று முதலில் வந்து சேரும் டேங்க்கின்) வடிகாலைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். நிறைய வந்தால், அதிலும் பால்போல எண்ணெயோடு கலந்து வந்தால், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் செத்துவிட்டது, அந்த ஈரம்தான் வால்வுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கெடுக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் அது, பழைய வண்டி விற்பவர்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பிரேக்குக்கு லாரி ஓட்டுநர் தேர்வில் செய்யும் சோதனையையே செய்யுங்கள்: முழுக் காற்று, சக்கரத்துக்குக் கட்டை, எஞ்சின் ஆஃப், பார்க்கிங் பிரேக் எடுத்துவிட்டு, காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம். 3 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்தால் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். 11.8 என்று சொன்னீர்கள், ஹீட்டர் ஓடும்போது எடுத்த அளவா, ஓய்வில் எடுத்த அளவா? லோடு இருக்கும்போது வோல்ட்டேஜ் குறைவாகத்தான் காட்டும். எல்லாவற்றையும் துண்டித்து, சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு எடுத்தால்தான் அது கணக்கு: 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0 என்றால் கால்வாசி. அதைவிட முக்கியம், நான்கையும் இணைப்பிலிருந்து பிரித்துத் தனித்தனியாக அளப்பது. முழுதாக சார்ஜ் செய்து ஒரு நாள் விட்டால் நல்ல 6 வோல்ட் பேட்டரி 6.3-க்கு மேல் நிற்கும். மூன்று 6.35-ல் நின்று ஒன்று மட்டும் 5.9-ல் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளப்பது) வாங்குங்கள். நல்ல செல் 1.265 பக்கத்தில் இருக்கும், ஒரே பேட்டரிக்குள் ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அது தேறாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டிக் கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டபிறகு தொடுங்கள், சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

மாற்றுவதென்றால் நான்கையும் சேர்த்தா என்ற கேள்வி வரும். பேட்டரிகள் ஒரு வருடத்துக்குள் என்றால் கெட்டதை மட்டும் மாற்றலாம். மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் புதிய ஒன்றைப் பழைய மூன்றோடு கட்டிப்போட்டால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

கரண்ட் எங்கே போகிறது என்று பார்க்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், ஏசி மட்டும் அளப்பதை வாங்கி ஏமாறாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்து, அரை மணி நேரம் பொறுத்து, நெகட்டிவ் கேபிளில் மாட்டிப் பாருங்கள். அரை ஆம்ப்பிலிருந்து ஒன்றரை வரை இந்த வண்டிகளுக்குச் சாதாரணம். நான்கு, ஐந்து காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து எதில் விழுகிறது என்று பாருங்கள். வாசல் பக்கத்தில் இருக்கிற பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்சை நம்பாதீர்கள், அதை அணைத்தாலும் கேஸ் டிடெக்டர், இன்வெர்ட்டர், சில வண்டியில் படிக்கட்டு மோட்டார் எல்லாம் பேட்டரியோடு நேராகவே இருக்கும். பழைய கேஸ் ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு யாராவது வீட்டு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் இன்வெர்ட்டர் இரவு பகலாக ஓடும், மேலே போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும்.

எஞ்சின் கிராங்க் ஆகாதது வேறு பேட்டரியின் கதை. அதற்கு இரண்டு காரணம் பொதுவாகப் பார்க்கிறேன். ஒன்று, நிறுத்தும் இடத்தில் பிளக் செய்து வெளிக் கரண்ட் போட்டாலும் சார்ஜர் வீட்டு பேட்டரியை மட்டும் ஏற்றும், இரண்டு கூட்டத்தையும் இணைக்கும் ரிலே கெட்டிருந்தால் எஞ்சின் பேட்டரிக்கு எதுவும் வராது. வெளிக் கரண்ட் ஓடும்போது இரண்டையும் அளந்து பாருங்கள். வீட்டுப் பக்கம் 13.6, எஞ்சின் பக்கம் 12.4 என்று இருந்தால் ரிலேதான். இரண்டு, எர்த் கேபிள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, யாரையாவது கிராங்க் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தக் கேபிள் வழியில் எங்கோ அரித்திருக்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும், லக்குக்கு (கேபிள் முனையில் உள்ள உலோகப் பிடிக்கு) பக்கத்தில் ரப்பரை அரை அங்குலம் கீறிப் பாருங்கள், உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாகப் பொடிந்து விரலில் ஒட்டும். அந்தக் கேபிளைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றவேண்டும். அதைச் செய்யாமல் புது பேட்டரி போட்டால் ஒரு மாதம் நன்றாக இருந்து பழையபடி ஆகும்.

லித்தியம் போட்டால் எல்லாம் தீருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கசிவை அடைக்காமல் போடவே போடாதீர்கள், பெரிய குடத்துக்கு மாறுகிறீர்கள், ஓட்டை அப்படியே இருக்கிறது. பிறகு போடுவதென்றாலும் பேட்டரி மட்டும் மாற்றினால் போதாது. சார்ஜரின் அமைப்பு மாறவேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறக்கூடாது, ஆல்டர்னேட்டரைக் காப்பாற்ற, அதிலிருந்து கரண்டை அளவாக எடுத்து ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். உங்கள் பழைய ரிலேக்கும் அது ஒத்துவராது. லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் பக்கம் நிற்பதால், சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ரிலே மூடியே கிடக்கும்.

இந்த வாரம் அந்த இரண்டு இரவுச் சோதனையை மட்டும் முடியுங்கள். நான்கு மூலை அளவு, இரண்டு கேஜ், இரண்டு வோல்ட்டேஜ், இரவும் காலையும், கூடவே வெளியே எத்தனை டிகிரி என்பதையும் இங்கே எழுதுங்கள். முடிந்தால் இடது பின் ஹைட் வால்வின் எக்ஸாஸ்ட் துளையில் நுரை வந்ததா என்பதையும். ஒர்க்‌ஷாப்புக்கு என்ன பதில் சொல்வது என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.